மாத்திரை மட்டும் போதாது

“எச்.ஐ.வி. மாத்திரை அரசு மருத்துவமனையில் சும்மா கிடைக்கிறது, கூடலூர்ப் பக்கம் ஆதரவுக் குழு என்று சுற்றுவதெல்லாம் வெளிநாட்டுப் பணத்துக்காகத்தான்” என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. மறுபாதிதான் இடிக்கிறது. இங்கே இத்தகைய களப்பணிக்கு நாக்கோ என்ற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழியாக நம் அரசும் நிதி தருகிறது.

குழுக்கள் மாத்திரைக்கு முன்பே வந்தவை. உகாண்டாவில் கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த நோரீன் கலீபா, சிலரைச் சேர்த்துக்கொண்டு 1987-இல் டாசோ என்ற எய்ட்ஸ் ஆதரவு அமைப்பைத் தொடங்கினார். அன்று அவர்களிடம் மருந்து ஏது? வீடு தேடிப் போகும் கால்களும் முகம் சுளிக்காத மனமும்தான் இருந்தன. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-இல் தொடங்கிய திட்டத்தில் பாலியல் தொழிலாளர்களே தம் தோழிகளுக்கு ஆணுறை பற்றி எடுத்துச் சொன்னார்கள். வெளியாள் போயிருந்தால் கதவே திறந்திருக்காது.

நம் நீலகிரி மலைக்கு வருவோம். கொழுந்து பறிப்பவர் மருந்து வாங்கப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. தோட்டத் தொழிலாளர்களுக்கான, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீட்டிலோ சுவருக்கும் காது உண்டு. மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளிக்க வேண்டியிருக்கிறது. நாள் தவறாமல் சாப்பிட்டால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாகப் பிறருக்குப் பரவாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கே அடங்காமல் போகலாம். அந்த இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்பவர், பெரும்பாலும் அதே மாத்திரையைத் தானும் விழுங்குகிற இன்னொருவர்தான். அவரைத்தான் நீங்கள் “சுற்றுகிறவர்” என்கிறீர்கள்.