பிராட்காஸ்ட் ஸ்ப்ரெடர் எவ்வளவு அகலம் தூவும்?

புல்வெளியில் உரம் தூவத் தள்ளிக்கொண்டு போகும் சக்கர வண்டியான பிராட்காஸ்ட் ஸ்ப்ரெடரில் உரக்குருணை சக்கரங்களுக்கு நடுவில்தான் விழும், பூப்பாத்தி ஓரத்துக்கும் அதுவே போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது குருணையை நேராகக் கீழே விடும் டிராப் ஸ்ப்ரெடருக்குத்தான் பொருந்தும். பிராட்காஸ்டில் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு சுழன்று குருணையை இரண்டு பக்கமும் வீசுகிறது. வீட்டு மாடல்களிலேயே அது சக்கரத்தைத் தாண்டிப் பல அடி போகும். களைக்கொல்லி கலந்த உரமென்றால் ஓரத்துப் பூச்செடிகள் பாவம். (ஒரு பக்க வீச்சை மறைக்கும் தடுப்பு சில மாடல்களில் உண்டு, அது வேறு.)

சந்தேகமிருந்தால் புல்வெளியின் குறுக்கே அடிக்கு ஒன்றாகப் பழைய தட்டுகளை வரிசையாக வையுங்கள். சக்கரம் போக மட்டும் நடுவில் இடம் விட்டு, வழக்கமான நடையில் ஒருமுறை தள்ளிக்கொண்டு போங்கள். அப்புறம் கடைசித் தட்டுவரை குனிந்து பாருங்கள், குருணை எதுவரை விழுந்திருக்கிறது என்று.