எடைய மட்டும் பாத்தா நஷ்டம் தெரியாது

அறுவடைக்கு அப்புறம் தானியம் வீணாகுறத பத்தி பேச்சு வந்தாலே உடனே 14 சதவீதம்னு ஒரு நம்பர் வந்து விழுது. ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு எஃப்ஏஓ 2019ல சொன்னது அது, ஆனா அது எல்லா உணவுக்கும் சேத்து, அதுலயும் கிழங்கு காய்கறி பழம்தான் அதிகம், தானியம் அதவிட கம்மி. "கம்மிதானே, அப்ப என்ன பெரிய பிரச்சனை"ன்னு கேக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பாகுது.

ஏன்னா முக்காவாசி கணக்கு எடைய வெச்சுதான். சேத்து வெச்ச தானியத்த தின்னு கெடுக்கற கப்ரா வண்டோட புழு மொதல்ல தேடிப் போறது மணியோட முளைப் பகுதிய, கொழுப்பு, நல்ல புரதம், பி விட்டமின் எல்லாம் செறிவா இருக்கற இடமே அதான், அத தின்னுட்டு மாவுச்சத்த விட்டு வெச்சா தராசுல பெருசா ஒண்ணும் தெரியாது, ஆனா தட்டுல விழறது வெறும் மாவு, விதைக்கு எடுத்து வெச்சிருந்தா அது முளைக்கவும் முளைக்காது.

பூஞ்சை அதவிட மோசம். பூஞ்சை உண்டாக்கற அஃப்ளடாக்சின்ங்கற விஷம் ஏறுன மக்காச்சோளம் எடைல அப்படியேதான் இருக்கும், கொதிக்க வெச்சாலும் விஷம் முழுசா போகாது. 2004ல கென்யாவுல இப்படி ஈரத்தோட சேத்து வெச்ச மக்காச்சோளத்த சாப்ட்டு 125 பேர் செத்தாங்க. அந்த சோளம் எந்த நஷ்டக் கணக்குல வரும் சொல்லுங்க?

காசு விஷயமும் இதே கதைதான். சகாராவுக்கு தெக்க இருக்கற ஆப்பிரிக்க நாடுகள்ல வருஷத்துக்கு 400 கோடி டாலர் தானியம் போகுதுன்னு 2011ல உலக வங்கி அறிக்கை வந்துச்சு. ஆனா வண்டு விழுந்துடுமேன்னு பயந்து, வெல அடிமட்டத்துல இருக்கறப்பவே வித்துட்டு, ஆறு மாசம் கழிச்சு அதே தானியத்த கூட வெலைக்கு வாங்கி சாப்பிடற குடும்பத்தோட நஷ்டம் அதுல சேராது, ஒரு மணி கூட வீணாகலயே!

காத்து புகாத மூணடுக்கு பை இருக்கு, பிக்ஸ் பைன்னு சொல்வாங்க, உள்ள இருக்கற பூச்சியே ஆக்சிஜன தீத்துட்டு முடங்கிடும், மருந்தே வேணாம். நல்ல சாமான்தான், ஆனா 13 சதவீத ஈரத்துக்கு காய வெச்சுட்டு போடணும், அறுவடை நேரத்துல மழை புடிச்சுகிட்டா எங்க காய வெக்கிறது? எல்லாரும் பைய குடுத்து போட்டோ எடுத்துக்கறாங்க, உலர்த்திக்கு காசு ஒதுக்க ஆள காணோம்.

அப்படியே காஞ்சு பைக்குள்ள போனாலும் கடன்காரன் காத்திருக்க மாட்டான். குடோன் ரசீத அடமானமா வெச்சு லோன் குடுக்கற முறை பல நாட்டுல இருக்கு, ஆனா அது டன் கணக்குல கொண்டு வர்றவங்களுக்குதான் தோதா இருக்கு, நாலஞ்சு மூட்டைக்காரங்க ஒண்ணா சேந்து ஒரே லாட்டா கொண்டு போனாதான் உள்ளயே விடுவாங்க.