யார் பக்கமும் சேராத ஊரில் விழுகிற குண்டு

எங்கே போர் நடந்தாலும் எங்கள் தண்டையார்பேட்டை டீக்கடையில் ஒரே பேச்சுதான். "நமக்கு இன்னாபா, நாமதான் யார் பக்கமும் இல்லியே." போன வாரமும் கேட்டேன். சொன்னவர் நல்ல மனுஷன். பெட்ரோல் விலை ஏறாமல் இருந்தால் சரி என்பது அவர் கவலை. ஆனாலும் அந்தப் பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யார் பக்கமும் சேராமல் இருப்பது ஓர் அரசாங்கத்தின் முடிவு. அதனால் அந்த நாட்டு ஜனங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் தப்பு.

2024 பிப்ரவரி 5. மியான்மரில் ராணுவத்துக்கும் அரக்கான் படை என்கிற கிளர்ச்சிக் குழுவுக்கும் சண்டை. எல்லை தாண்டி, வங்கதேசத்தின் பந்தர்பன் மாவட்டத்தில் ஒரு வீட்டுச் சமையல்கட்டில் மோர்ட்டார் குண்டு வந்து விழுந்தது. அந்த வீட்டுப் பெண்ணும், அங்கே கூலி வேலைக்கு வந்திருந்த ரோஹிங்கியா ஒருவரும் செத்துப்போனார்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போட்டிருக்கும் பர்மா அக்காவிடம் இதைச் சொன்னேன். "சோறு போட்டுக்கினு இருந்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். வங்கதேச அரசு மியான்மர் தூதரைக் கூப்பிட்டுக் கண்டனம் சொன்னது. அதற்கு மேல் அந்தக் குடும்பத்துக்காக யாரிடம் போய் நிற்பது?

குண்டு விழக்கூட வேண்டாம். உக்ரைனை ஒட்டி இருக்கிற மால்டோவா, நடுநிலை என்று தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிற நாடு. 2022 நவம்பர் 23 அன்று ரஷ்யா உக்ரைனின் மின் கட்டமைப்பை அடித்தபோது, மால்டோவாவில் பாதி நாட்டுக்கு மேல் கரண்ட் போய்விட்டது. இரண்டு நாட்டு மின் தடங்களும் பின்னிக் கிடக்கின்றன. அங்கே அடித்தால் இங்கே தானாகத் துண்டித்துக்கொள்ளும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது லாவோஸ்தான். 1962இல் ஜெனீவாவில் 14 நாடுகள் உட்கார்ந்து, லாவோஸ் நடுநிலை நாடு, அதை மதிப்போம் என்று கையெழுத்துப் போட்டன. அமெரிக்காவும் போட்டது, வட வியட்நாமும் போட்டது. நம் இந்தியாவும் போட்டது. அதோடு, அங்கே நிலைமையைக் கண்காணிக்கும் சர்வதேச ஆணையத்துக்கு அப்போது நாம்தான் தலைமை. மை காய்வதற்குள் வட வியட்நாம் அந்த நாட்டுக் காட்டு வழியாகவே தென் வியட்நாம் போருக்கு ஆயுதம் கடத்தியது. அமெரிக்கா 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக் குண்டுகளுக்குள் இருந்த சிறு குண்டுகள் மட்டும் ஏறக்குறைய 27 கோடி. அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்டன. டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். பந்து என்று நினைத்துப் பிள்ளைகள் எடுக்கிறார்கள். நிலத்தைக் கொத்துகிறவரின் மண்வெட்டியில் படுகிறது. போர் முடிந்த பிறகு செத்தவர்கள், காயப்பட்டவர்கள் மட்டும் 20,000க்கு மேல். பலர் பழைய இரும்புக்காக அதைத் தோண்டப் போனவர்கள்.

பழைய இரும்பு என்றால் வட சென்னைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். எங்கள் பக்கம் கேஸ் கட்டர் பிடிக்கிற தம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் ஓட்டை விழுந்த உறை, காலில் ரப்பர் செருப்பு. உருளையாக ஒரு துண்டு வந்தால் பைப்பா, சிலிண்டரா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தீயை வைப்பார்கள். 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் ஓர் இரும்பாலைக்கு வந்த இறக்குமதிப் பழைய இரும்பில் பீரங்கிக் குண்டுகள் கிடந்தன. அவை வெடித்து 10 தொழிலாளிகள் செத்தார்கள். அந்த இரும்பு ஈரானில் இருந்து கப்பலில் வந்தது. எந்தச் சண்டையில் யாரைச் சுடச் செய்த குண்டோ, உத்தரப் பிரதேசத்தில் கூலிக்கு இரும்பு பிரித்தவனைக் கொன்றது. இனி டீக்கடையில் யாராவது நமக்கென்ன என்றால் நான் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும். 1944 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க விமானங்கள் ஜெர்மன் ஊர் என்று நினைத்து ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் குண்டு போட்டன. 40 பேர் செத்தார்கள். அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. போர் முடிவதற்கு முன்பே 40 லட்சம் டாலர் கொடுத்தது. இப்படித் தவறிப் போட்ட குண்டுகளுக்கெல்லாம் சேர்த்து 1949இல் 6 கோடி ஸ்விஸ் பிராங்குக்கு மேல் கொடுத்துக் கணக்கை முடித்தது. லாவோசில் விழுந்தது தவறிப்போய் விழுந்ததில்லை. ஒன்பது வருஷம் தெரிந்தே போட்டது. அங்கே ஓர் அமெரிக்க அதிபர் கால் வைக்கவே 2016 ஆகிவிட்டது. ஒபாமா போனார், குண்டு அகற்றும் வேலைக்கு மூன்று வருஷத்துக்கு 9 கோடி டாலர் என்று அறிவித்தார். அது உதவி என்று வந்தது, நஷ்ட ஈடு என்று வரவில்லை. ஐரோப்பாவில் இருக்கிற வெள்ளைக்காரன் வீடு இடிந்தால் கடன், ஆசியாவில் விவசாயி கால் போனால் தர்மமா? எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

நடுநிலை நாட்டின் மண்ணை மீறக் கூடாது என்று 1907 ஹேக் ஒப்பந்தத்தின் முதல் வரியே சொல்கிறது. மீறினால் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்க ஆள்தான் இல்லை. போர் என்றதும் "இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்" என்று டெல்லியில் இருந்து அறிக்கை வருகிறது. சரி, வரட்டும். கூடவே ஒரு வரி சேருங்கள்: பக்கத்து நாட்டில் செத்தவனுக்கு, சுட்டவன் பணம் கட்ட வேண்டும். லாவோசுக்காகக் கையெழுத்துப் போட்ட நாட்டுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது. பந்தர்பன் குடும்பத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். எங்கள் துறைமுகத்தில் இறங்குகிற பழைய இரும்புக் கன்டெய்னர் ஒவ்வொன்றையும், அந்தத் தம்பிகள் கைக்குப் போவதற்கு முன்னால் திறந்து பாருங்கள்.