பழைய வெடிப்பாம்!

என் வீட்டுச் சுவத்துல விழுந்த வெடிப்பைக் காட்டினா, "அது பழைய வெடிப்பு அங்கிள், பயப்படாதீங்க"ன்னு பக்கத்துல கட்டடம் கட்டுற சைட்ல நிக்கிற தம்பி சொல்றான். போன தீபாவளிக்கு நானே சாயம் அடிச்ச சுவரு அது! இப்போ அடுப்படி மூலையில அந்த வெடிப்புக்குள்ள இருபது காசு நாணயம் சொருகி நிக்குது. பின்கதவு நிலையில இடிக்குது, செங்கல்லை முட்டுக் கொடுத்துத்தான் சாத்துறோம்.

பக்கத்து நிலத்துல காடி, அதான் காரு, நிறுத்த நிலத்தடியில ரெண்டு மாடி ஆழத்துக்குத் தோண்டுறானுங்க. எங்க மண்ணுல! இங்கிருந்து அரை மணி நேரத்துல பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் டவுன். அங்க 1885ல கட்டின கோபுரம் மண்ணு தாங்காம சாஞ்சு நிக்கிறதைப் பஸ் பிடிச்சு வந்து பார்க்கிறாங்க. தோட்டத்துல தண்ணி வடியக் கான் வெட்டின எங்கப்பாவைக் கேட்டா தெரியும். காலையில வெட்டின கரை சாயங்காலம் உள்ளே விழுந்து கிடக்கும்.

இந்த மாதிரி களிமண்ணை முட்டில்லாம நாலு மீட்டர் நேரா வெட்டினாலே நிக்கிறது சந்தேகம். ஒரு கனமீட்டர் ஈரமண்ணு ஒன்றரை டன்னுக்கு மேல. வெளியே அந்தப் பாரம் அழுத்துது, உள்ளே அள்ளிட்டே போறான். அப்புறம் குழியோட தரை மேல பொங்கும், என் வீடு கீழ இறங்கும்.

இரும்புத் தகடு இறக்கியிருக்கான், சரி. குறுக்கே முட்டு போட்டுட்டுத்தானே அடுத்த தட்டைத் தோண்டணும்? இங்க பேக்கோ மெஷின் முதல்ல தோண்டுது, முட்டு ஏத்தின லோரி ரெண்டு நாள் கழிச்சு வருது. சிங்கப்பூர்ல 2004 ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் எம்ஆர்டி ரயிலுக்குத் தோண்டின குழி இடிஞ்சு 4 பேர் செத்தாங்க. அங்க முட்டும் இருந்துச்சு, மண்ணு நகர்றதை அளக்கிற கருவியும் இருந்துச்சு. முட்டு வந்து சேர்ற இணைப்புதான் தாங்கல.

அந்தப் பம்பு இருக்கே, ராத்திரி முழுக்க குழித் தண்ணியை இறைச்சு லோங்காங்ல, அதான் ரோட்டோர வடிகால்ல, கொட்டுது. அவன் குழித் தண்ணி மட்டுமா அது? என் வீட்டு அடியில இருக்கிறதும்தான் போகுது. தண்ணி போனா களிமண்ணு அமுங்காதா?

தோண்டுறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துச் சுவரையெல்லாம் படம் எடுத்து வைக்கணும். ஒருத்தனும் எட்டிப் பார்க்கல. புகார் கொடுக்கப் போனா, அதிகாரி சைட்டுக்குப் போயிருக்காராம். மூணு தடவையும் இதே பதில். எந்த சைட்டுய்யா? இங்க வந்தா நானே தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பேனே!

தோட்டத்து லயத்தை விட்டு வந்து அப்பா இபிஎஃப் சேமநிதிக் காசுல வாங்கின வீடு இது. வெடிப்போட நுனியில பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வச்சேன். ஒன்பதே நாள், கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை போயிருச்சு.

இதுவும் பழசா தம்பி?