நுரையீரல் மூலக்கலங்களும் வட்ஸ்அப் விளம்பரங்களும்

வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த மூலக்கலங்களை நாளத்தின் வழியே ஏற்றினால் பழுதடைந்த நுரையீரல் புதிதாக வளரும் என்று உறுதி கூறும் வெளிநாட்டு விளம்பரமொன்று, திருகோணமலையில் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு கலத்தை மூலக்கலம் என்று சொல்வதற்கு, அதன் மேற்பரப்பிலுள்ள ஓர் அடையாளப் புரதம் போதாது. அது தன்னையும் பெருக்கிக்கொண்டு வேறு வகைக் கலங்களையும் உண்டாக்குகிறதா என்பதை, உயிருள்ள உடலுக்குள் அதன் வழித்தோன்றல்களைப் பின்தொடர்ந்து காட்டவேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிரிஜிட் ஹோகனின் குழுவினர் 2013 இல் இதைச் செய்தார்கள். சுண்டெலியின் காற்றுச் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் பொருளைச் சுரக்கின்ற இரண்டாம் வகைக் கலங்களில் மட்டும் அழியாத குறியொன்றை மரபணு வழியாக இட்டார்கள். பின்னர் பார்த்தபோது, வாயுப் பரிமாற்றம் நடக்கும் மெல்லிய முதலாம் வகைக் கலங்களிலும் அதே குறி தெரிந்தது. வாதனாளியில் இதே பணியை அடித்தளக் கலங்கள் செய்வது 2009 இலேயே தெரிந்திருந்தது.

இதற்கு மாறாக, பியேரோ அன்வெர்சா என்னும் ஆய்வாளரின் குழு சி-கிட் என்னும் மேற்பரப்புப் புரதத்தைக் கொண்டு மனித நுரையீரலின் மூலக்கலத்தைக் கண்டுவிட்டதாக 2011 இல் அறிவித்தது. நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்னும் மருத்துவ ஆய்விதழ் வெளியிட்ட அக்கட்டுரை 2018 இல் மீளப்பெறப்பட்டது. அந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை நோயாளிகள் நம்பிக்கை வைத்திருப்பார்களோ!

உவர்மலை ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று, மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் என் பெரியப்பா, இந்தச் சிகிச்சைக்காகக் காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டார். சுருட்டுப் புகை அவருடைய சிற்றறைகளின் சுவரையே, அதைத் தாங்கும் மீள்நார்களோடும் மயிர்த்துளைக் குழாய்களோடும் சேர்த்து அழித்திருக்கிறது. கலம் கிடைத்தாலும் அது அமர்வதற்குச் சுவர் வேண்டுமல்லவா? ஏற்றப்படும் கொழுப்புக் கலங்கள் நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களில் சிக்குவது உண்மைதான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் மறைந்துவிடுகின்றன.

சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. மனித நுரையீரலில் சிற்றறைகளுக்கு முன்னால் உள்ள சுவாச நுண்குழாய்கள் சுண்டெலிக்குக் கிடையா. அந்நுண்குழாய்களில், இரண்டாம் வகைக் கலங்களாக மாறவல்ல சுரப்புக் கலமொன்று இருப்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் விவரித்ததே 2022 இல்தான். விளம்பரக்காரர்களோ கட்டணப் பட்டியலையே தயாராக வைத்திருக்கிறார்கள்.