நீல வண்ணத்துக்குள் அறுபது லட்சம் பேர்

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும். கலிஃபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், ரீகன் காலத்து ரிபப்ளிகன். 2024 அக்டோபரில் ஒருநாள் ராத்திரி குப்பைத்தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் வந்தோம். தபால் ஓட்டு அனுப்பியாச்சா என்று கேட்டேன். "அனுப்பியாச்சு, எதுக்குன்னுதான் தெரியல" என்றார்.

நான் டெமாக்ரட் வேட்பாளர் கமலா ஹாரிஸுக்குப் போட்டவன். ஆனாலும் அவர் கேட்டது நியாயம்தான்.

கலிஃபோர்னியா கடைசியாக ரிபப்ளிகன் பக்கம் சாய்ந்தது 1988இல், அப்பா புஷ்ஷுக்கு. அதற்கப்புறம் எப்போதும் டெமாக்ரட் நிறமான நீலம்தான். அதனால் "அது டெமாக்ரட் கோட்டைப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 2020 கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். ட்ரம்ப்புக்கு அதிக ஓட்டு விழுந்த மாநிலம் டெக்சாஸ் இல்லை, ஃப்ளோரிடாவும் இல்லை. சாட்சாத் கலிஃபோர்னியா! இங்கே 60 லட்சத்துக்கு மேல், டெக்சாஸில் 59 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. ஜனாதிபதியை முடிவு செய்வது ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று ஒதுக்கிய எலக்டோரல் ஓட்டுதான். அந்த 59 லட்சம் அவருக்கு 38 எலக்டோரல் ஓட்டு வாங்கிக்கொடுத்தது. இந்த 60 லட்சத்துக்கு ஒன்றுகூட இல்லை. மாநிலத்தில் முந்துகிறவருக்கே மொத்தமும் என்றால் இப்படித்தான்.

என் ஓட்டின் கதி மட்டும் என்ன வாழ்கிறது? மன்னார்குடிச் சித்தி போன் பண்ணி, "துளசேந்திரபுரத்துக் கோயில்ல கமலாவுக்காகப் பூஜையெல்லாம் நடக்குது, நீங்கள்லாம் ஒழுங்கா போட்டீங்கல்ல?" என்றார். "போட்டேன் சித்தி, போடாட்டியும் இங்க அவங்கதான்" என்றதும் கோபம் வந்துவிட்டது. கமலா இங்கே ஏறக்குறைய 32 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதில் முப்பது லட்சத்தைக் கழித்தாலும் அதே 54 எலக்டோரல் ஓட்டுதான். எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்கில் இருக்கும் நண்பனுக்கோ தினமும் கதவைத் தட்டினார்கள், தபால்பெட்டி நிறைய நோட்டீஸ். எங்கள் தெருவுக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. வேட்பாளர்கள் இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் நன்கொடை வசூலுக்குத்தான். (ட்ரம்ப் கோச்செல்லாவில் ஒரு கூட்டம் போட்டார், மறுக்கவில்லை.)

மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்களும் எலக்டோரல் ஓட்டைத் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. கலிஃபோர்னியாவும் நாளைக்கே சட்டம் போட்டுப் பிரிக்கலாம், தடையில்லை. ஆனால் டெக்சாஸ் பிரிக்காமல் நாம் மட்டும் பிரித்தால் எதிர்க்கட்சிக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி. முதலில் விட்டுக்கொடுப்பவன் இளிச்சவாயன். நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் எலக்டோரல் ஓட்டு என்ற மாநிலங்களின் ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா 2011இலேயே சேர்ந்துவிட்டது. சேர்ந்த மாநிலங்களின் எலக்டோரல் ஓட்டுக் கணக்கு, ஜெயிக்கத் தேவையான 270ஐத் தொட்டால்தான் அது உயிர்பெறும். என்னைக் கேட்டால் உருப்படியான வழி அது ஒன்றுதான். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர் ஓட்டும் என் ஓட்டும் பிட்ஸ்பர்க்காரன் ஓட்டும் ஒரே எடை.

இத்தனைக்கும் அதே ஓட்டுச்சீட்டில் ஜனாதிபதிக்குக் கீழே ஹவுஸ், அதாவது நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலும் இருந்தது. மெர்செட் பக்கத்து 13ஆவது தொகுதியில் டெமாக்ரட் ஆடம் கிரே ஜெயித்தது 187 ஓட்டில். எண்ணி முடிக்க டிசம்பர் ஆகிவிட்டது. முடிவு வந்த வாரம் அதே குப்பைத்தொட்டி வேளையில் பெரியவரிடம் சொன்னேன்.

"நூத்தி எண்பத்தேழா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் தொட்டியின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, "மெர்செட்ல வீடு என்ன விலை போகுது?" என்றார்.