தாங்கி வாங்குமுன் அட்சரேகையையும் பாருங்கள்

வானைப் படமெடுக்கத் தொலைநோக்கித் தாங்கி வாங்குவது பற்றிய ஒரு கட்டுரை, அதைச் சுமைத்திறனை வைத்தே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. நீண்ட நேரப் படப்பிடிப்பில் அந்த அளவில் ஏறத்தாழப் பாதியை மட்டும் ஏற்றுவதே நல்லது என்பதையும் சேர்த்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அதே 13 பாகை உயரத்தில்தான், பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிற்கிறது. வானின் சுழற்சியைப் பின்தொடரத் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தின் திசையை நோக்க வேண்டும். அதை அவ்வளவு தாழ்த்தும்போது, தொலைநோக்கியின் எடையைச் சமன்செய்யும் எதிரெடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கக்கூடும் என்பதால், தாங்கியின் தலைக்கும் முக்காலிக்கும் இடையே ஒரு நீட்டிப்புக் குழாய் பொருத்துவது பயன் தரும். சில தாங்கிகள் 15 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. விற்பவர் இதைத் தாமாகச் சொல்லமாட்டார். துருவ நட்சத்திரம் தெரியாத மாடியில் வானியல் படப்பிடிப்புக்கான நினா (N.I.N.A.) மென்பொருளின் மூன்று புள்ளிச் சீரமைப்பு கைகொடுக்கும். அது வானின் வேறு பகுதியைப் படமெடுத்தே அச்சின் பிழையைக் கணித்துவிடும்.